ஆவுடையம்மாளின் சும்மா நாள்

திருநெல்வேலியிலிருந்து காலையில் வரும் பஸ் சங்கரன்கோவிலுக்குள் நுழைந்ததும் கண்டக்டர் முதலில் பத்திரிகைக் கட்டைத்தான் இறக்குவார். அன்று கட்டைத் தொடாமல் நேராக என்னிடம் வந்தார். "அண்ணாச்சி, பனவடலிசத்திரத்துல ஆவுடையக்கா போயிட்டா. விடியக்காலம்" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். நெடுங்காலமாக நிருபராக இருப்பவனுக்குத் துக்கத்துக்கு முன்னால் அந்தக் கேள்விதான் வருகிறது. "யாரும் சொல்லலை. பஸ்ஸை நிறுத்திட்டு எறங்கிப் பார்த்துட்டுத்தான் வாரோம். டிரைவரு, நான், வண்டியில இருந்த அத்தனை பேரும்" என்றார். பஸ் அன்று தாமதமாக வந்ததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. அதே பஸ் திரும்பும்போது நானும் ஏறிக்கொண்டேன்.

நம் ஊர் பஸ் நிலையத்தில் ஏறி இறங்கிய எவருக்கும் ஆவுடையம்மாளை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். யுத்த காலத்தில் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களில் அவரும் ஒருவர். வந்தபின் பனவடலிசத்திரத்தில் தம்பி வீட்டில் கொஞ்சநாள் இருந்துவிட்டு, சங்கரன்கோவில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இட்லிக் கடை போட்டார். சென்ற ஆண்டு உடம்புக்கு முடியாமல் கடையை மூடிவிட்டு மறுபடியும் தம்பி வீட்டுக்கே போனார். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு வைத்திருப்பார். அவருடைய கணவரை இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. அதனால் அந்தப் பொட்டைப் பற்றி ஊரில் ஒன்றிரண்டு பேச்சும் உண்டு. அவர் காதில் அது விழாமல் இருந்திருக்காது. பொட்டின் அளவு மட்டும் குறையவில்லை.

கடையில் ஒருநாள் கரிவலம்வந்தநல்லூர் போகவேண்டிய ஒருவர் பெஞ்சில் உட்காராமலே நின்று தவித்தார். "அக்கா, சீக்கிரம் போடுங்க. பஸ் போயிரும்."

"போகட்டுமே. பஸ்ஸு நாளைக்கும் வரும். வேகாத இட்லி உள்ளே போச்சுன்னா நாளைக்கும் வெளியே வராது."

"நான் கலியாணத்துக்குப் போகணும் அக்கா."

"உம்ம கலியாணமா?"

"இல்லை."

"பொறவு என்னவே பதட்டம்? அந்தா மூலையில உக்காந்து திங்காரே, அவருதான் உம்ம பஸ் டிரைவரு. அவரு கை கழுவுத மட்டும் பஸ் எங்கன போகும்?"

கடையே சிரித்தது. டிரைவர் வேண்டுமென்றே இன்னும் இரண்டு இட்லி கேட்டார்.

அவரைப் புனிதவதியாக்கி எழுத எனக்கு விருப்பமில்லை. முன்கோபக்காரர். ஒருமுறை சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது என்று சொன்னதற்காக என்னுடன் ஒரு வாரம் பேசவில்லை. இலையை மட்டும் போடுவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். உப்புக் கூடித்தான் இருந்தது. எட்டாம் நாள் அவரே, "சொல்லுததை எல்லார் முன்னாலயும்தான் சொல்லணுமா? பேப்பர்ல போடுத மாதிரி" என்றார். அத்துடன் அந்த வழக்கு முடிந்தது.

ஆண்டுதோறும் தை மாதத்தில், தானியம் வீட்டுக்கு வருவதற்கும் பருத்தி வெடிப்பதற்கும் இடைப்பட்ட நாட்களில், திருச்செந்தூருக்கு நடந்துபோகும் கூட்டம் ஒன்று அவருடைய கடை வாசலிலிருந்து புறப்படும். திருவேங்கடம் பக்கத்து விவசாயச் சம்சாரிகள், ஆட்டுக்காரர்கள், சில பெண்கள். நானும் போவேன். பக்தி பாதி, மக்கள் பேசுவதைக் கேட்கிற ஆசை பாதி. நடைக்கூட்டங்கள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் இளவட்டங்கள் முன்னே பறப்பார்கள், முடியாதவர்கள் பின்னே இழுபடுவார்கள். ஆவுடையம்மாளின் கூட்டத்தில் இது தலைகீழ். யார் எல்லோரையும் விட மெதுவாக நடப்பாரோ அவர்தான் முன்னால் நடக்க வேண்டும். அவரை ஒருவரும் முந்தக் கூடாது. வேகமாக நடப்பவர் கடைசியில் வர வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் எப்போதும் குறைப்பட்டுக்கொண்டவர் மாடசாமி. ஆட்டுக்காரர். நீண்ட கால்கள். அவருக்கு நிரந்தரமாகக் கடைசி இடம்தான் கிடைத்தது.

"எங்க ஆட்டுக் கெடையிலகூட நொண்டி ஆடு கடைசியாத்தான் வரும் மதினி. இது என்ன ஊருல இல்லாத சட்டம்?" என்றார் ஒருநாள்.

"அதனாலதான் உங்க கெடை நொண்டி ஆட்டை நரி தூக்கிட்டுப் போகுது. ஒமக்கு வீட்டுக்குப் போயி எண்ணிப் பார்க்கும்போதுதான் தெரியுது" என்றார் ஆவுடையம்மாள்.

அந்தச் சட்டத்துக்குக் காரணம் என்ன என்று நான் தனியாகக் கேட்டேன். "முன்னால போறவ கல்லுல இடிச்சுக்கிட்டா அத்தனை பேருக்கும் தெரியும். பின்னால வாரவ விழுந்தாக்கூட யாருக்கும் தெரியாது" என்றார். நல்ல காரணம்தான். அது முழுக் காரணம் இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் மேலே கேட்கவில்லை.

அவர் ஏற்படுத்திய இன்னொரு வழக்கம் 'சும்மா நாள்'. கோயிலில் கும்பிட்ட மறுநாள் கொஞ்ச தூரம்தான் நடக்க வேண்டும். துணி துவைக்கலாம், மர நிழலில் தூங்கலாம், கால் கொப்புளத்துக்கு எண்ணெய் போடலாம். "சாமியைப் பார்த்த கையோட ஓடுனா சாமி என்ன நெனைக்கும்? கடன்காரன்னுல்லா நெனைக்கும்" என்பார்.

நான் சொல்ல வந்தது அப்படி ஒரு சும்மா நாளைப் பற்றி.

அந்த ஆண்டு கரிவலம்வந்தநல்லூர் வேலம்மாள் கூட்டத்தில் சேர்ந்தார். கனத்த உடம்பு. ஒரு முழங்கால் சரியாக மடங்காது. அவருடைய மகளுக்கு அம்மை கண்டு, இரண்டு கண்ணும் ஒட்டிப்போய்க் கிடந்தபோது, பிள்ளைக்குக் கண் திறந்தால் கன்னியாகுமரி அம்மனை நடந்தே வந்து பார்க்கிறேன், வழியில் ஒரு சக்கரத்திலும் ஏறமாட்டேன் என்று நேர்ந்திருந்தார். கண் திறந்தது. நேர்ச்சை பாக்கியிருந்தது. முடியாத காலோடு தனியாகக் குமரி வரை நடப்பது எப்படி? அவர் கடைக்கு வந்து ஆவுடையம்மாளிடம் கேட்டதோடு சரி. திருச்செந்தூரோடு திரும்புகிற கூட்டம் அந்த ஆண்டு கடற்கரையோடு குமரி வரை போவதென்று முடிவாகிவிட்டது. எங்களில் ஒருவருக்கும் அந்த வழி தெரியாது.

திருச்செந்தூர் வரை வேலம்மாள் முன்னால் நடந்தார். அவர் நின்றால் நாங்கள் நின்றோம். கும்பிட்ட அன்றே மணப்பாடு வரை பனங்காடுகளுக்கு ஊடே வண்டிப்பாதையில் போனோம். மறுநாள் மணப்பாட்டிலிருந்து பெரியதாழைக்குக் கடற்கரையோடு நடப்பதைச் சும்மா நாளாக வைத்துக்கொண்டோம். தூரம் அதிகம் இல்லை என்று அங்குள்ளவர்கள் சொன்னார்கள். வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம்.

புறப்படும்போது மாடசாமி, கருப்பட்டி ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று அதே ஊருக்குப் போவதைக் கண்டு வந்தார். "வேலம்மாளை இதுல ஏத்தி விட்டுருவோம் மதினி. கொஞ்ச தூரம்தானே. அம்மன் என்ன, வழியெல்லாம் நின்னு பார்த்துக்கிட்டா இருக்கா?"

வேலம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மன் பார்க்க வேண்டாம் அண்ணாச்சி. எம் மக கேப்பா, முழுக்க நடந்தியாம்மான்னு. நான் என்னன்னு சொல்லுவேன்?"

மாடசாமி வண்டிக்காரரைப் போகச் சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. கால் மட்டும்தான் அவசரப்படும். சிறிது நேரம் கழித்து வேறொரு யோசனை சொன்னார். ஆண்கள் முன்னால் போய்ச் சோறு ஆக்கி வைத்தால் பெண்கள் வந்ததும் சாப்பிடலாம். ஆவுடையம்மாள் யோசித்தார். பிறகு, "சரி, சும்மா நாள்தானே. இன்னைக்கு யாரும் யாருக்கும் வால் பிடிக்க வேண்டாம். போங்க" என்றார். நான் அறிந்தவரை அவர் தம் சட்டத்தைத் தளர்த்தியது அந்த ஒரே தடவைதான். அரிசி, பானை, தாம்புக் கயிறு சகிதமாக ஆண்கள் பறந்தார்கள். மற்றப் பெண்களும் சமையலுக்கு உதவியாக அவர்களோடு நடையைக் கட்டினார்கள். வேலம்மாளுடன் ஆவுடையம்மாளும் நானும் மிஞ்சினோம்.

இங்கே கரிசல்காட்டுக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். ஈரத்தைக் கண்டால் எங்கள் கால் தானாக ஒதுங்கும். மழை பெய்த கரிசலில் இறங்கினால் மண் உள்ளங்காலில் அப்பி, அதன்மேல் இன்னும் அப்பி, காலே உரல் கனம் கனக்கும். ஆகவே கடற்கரையிலும் அலை நனைத்த இடத்தை விட்டு வெகுவாக விலகி, காய்ந்த மணலிலேயே நடந்தோம். முன்னே போனவர்களின் தடமும் அந்தக் காய்ந்த மணலில்தான் கிடந்தது. ஒவ்வோர் அடிக்கும் கால் கணுக்கால் வரை புதைந்தது. ஒரு காலைப் பிடுங்கினால் மறுகால் புதைந்தது. பனையோலைக் கடகத்தில் மீன் சுமந்த ஒரு பெண் அலையோரமாகவே வந்து எங்களைக் கடந்து போனார். கடலில் பிறந்தவர், அவருக்குப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டோம்.

வெயில் ஏறியது. முன்னே போனவர்கள் புள்ளிகளாகி, புள்ளிகளும் மறைந்தன. கரையில் ஏற்றிக் கிடந்த ஒரு கட்டுமரத்தின் ஓரமாக வேலம்மாள் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வீங்கியிருந்தது. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் முன்னால போங்க மதினி. சோறு ஆறிரும். நான் மெதுவா வாரேன்."

தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டிருந்த ஆவுடையம்மாள் அப்படியே நின்றார். அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டு வேலம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இதைத்தான் அவுகளும் சொன்னாவ" என்றார்.

கடலைப் பார்த்தபடியே பேசினார். அதிகம் பேசவில்லை. பர்மாவிலிருந்து வரும் மலைப்பாதையில் அவர் கணவருக்குக் காலில் புண் வைத்துவிட்டது. கூட்டம் முன்னால் போய்விட்டது. அடுத்த முகாமுக்கு இருட்டுவதற்குள் போனால்தான் சோறு. நீ முன்னால் போய் எனக்கும் சேர்த்து வாங்கி வை, நான் மெதுவாக வருகிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். "போனேன். வாங்கியும் வச்சேன். சோறு புளிச்சுப் போற மட்டும் வச்சிருந்தேன். பின்னால வந்தவுக எல்லார்கிட்டயும் கேட்டேன். யாரும் பார்த்தேங்கலை. செத்துட்டாவன்னும் யாரும் சொல்லலை." நெற்றிப் பொட்டைத் தொட்டார். "அப்பொறம் நான் இதை எப்படி அழிப்பேன்?"

வேலம்மாள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். ஆவுடையம்மாள் என் பக்கம் திரும்பினார். "இதைப் பேப்பர்ல போட்டுராதிய அண்ணாச்சி. போட்டா, என்ன ஆச்சுன்னு நாலு பேரு விசாரிச்சுட்டு வருவாவ. எனக்குச் சொல்லப் பதில் கெடையாது. நான் இருக்க மட்டும் போடாதிய." அந்த வார்த்தையைக் காப்பாற்றினேன். இப்போது எழுதுகிறேன் என்றால் அவர் வைத்த கெடு முடிந்துவிட்டது.

பிறகு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பழைய குரலில் சொன்னார்: "நீங்க போயி அத்தனை பேரையும் திருப்பிக் கூட்டிட்டு வாங்க. முன்னால நடக்க வேலம்மா இருக்கா, பின்னால நடக்கத்தான் ஆளில்லைன்னு சொல்லுங்க. அவுக வராம நாங்க ரெண்டு பேரும் இங்கன இருந்து நகரப்போறதில்லை."

நான் போனேன். பனை நிழலில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சோறு கொதித்துக்கொண்டிருந்தது. மாடசாமி துண்டை விரித்துப் படுத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கணவரைப் பற்றிச் சொல்லவில்லை. ஆவுடையம்மாள் சொல்லியனுப்பிய சொல்லை மட்டும் அப்படியே ஒப்பித்தேன்.

"வந்த வழியே திரும்பவா? இந்த மணல்லயா?" என்றார் ஒருவர்.

"சோத்தை என்ன செய்ய?" என்றார் இன்னொருவர்.

மாடசாமி எழுந்து என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்ன கண்டாரோ தெரியாது. "ஏலே, கஞ்சியை வடிங்க. பானைக் கழுத்துல கயித்தைக் கட்டி ஒரு கம்புல தொங்கவிடுங்க. ரெண்டு பேரு தோள் குடுத்தாப் போதும்" என்றார். "எங்க தூக்கிட்டுப் போக அண்ணாச்சி?" என்று யாரோ கேட்டதற்கு, "எங்கனயா? கடைசி இடத்துக்குத்தான். எனக்கு வேற எடம் ஏது?" என்றார்.

சோற்றுப் பானையைக் காவடிபோலத் தூக்கிக்கொண்டு கூட்டம் முழுவதும் திரும்பி வந்ததைக் கண்டதும் வேலம்மாள் அழுதார். பிறகு சிரித்தார். கட்டுமரத்து ஓரத்தில் வட்டமாக உட்கார்ந்து, வெயிலில் வெந்நீர்போலச் சுட்ட தண்ணீரும் மணலும் கலந்த அந்தச் சோற்றைத் தின்றோம். ஆவுடையம்மாள் மாடசாமிக்கு இரண்டு கை அதிகமாகப் போட்டார். ஒரு சொல்லும் பாராட்டவில்லை.

அப்போது காலையில் எங்களைக் கடந்துபோன பெண் வெறுங்கடகத்தோடு திரும்பி வந்தார். "போகும்போது மூணு பேரு நடந்துக்கிட்டிருந்திய. இப்பம் பானையோட குடியேறிட்டியளா?" என்றார். போக வேண்டிய ஊரைச் சொன்னோம். காய்ந்த மணலில் எங்கள் தடத்தைப் பார்த்தார். "அய்யோ, என்னத்துக்குப் புதைமணல்ல கெடந்து உழுதிய? ஈரத்துல எறங்கி நடக்க வேண்டியதுதானே?"

"ஈரத்துல வச்சா அப்பும்லா?" என்றார் மாடசாமி.

"எது அப்பும்?"

"மண்ணு."

அந்தப் பெண் கடகத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இது கடலு கழுவின மண்ணு அண்ணாச்சி. ஒங்க வீட்டுத் தரை மாதிரி இருக்கும். வந்து வச்சுப் பாரும்."

மாடசாமி ஓர் அடி எடுத்து வைத்தார். ஆவுடையம்மாள் அவருடைய துண்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். "அவளை மொதல்ல விடும்."

வேலம்மாள் எழுந்து, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அலை வந்து போன இடத்தில் பாதத்தை வைத்தார். பிறகு எடுத்துப் பார்த்தார். உள்ளங்காலில் மண் ஒட்டவில்லை. கால் புதையவும் இல்லை. அடுத்த அலை வந்து வீங்கிய முழங்காலுக்குக் கீழே நனைத்துவிட்டுப் போனது. "குளுகுளுன்னு இருக்கு மதினி" என்றார். நாங்கள் வரிசையாகப் பின்னால் இறங்கினோம். அன்று மீதி வழி முழுவதும் வேலம்மாள் நிற்கவே இல்லை. சும்மா நாள் அதற்கப்புறம்தான் சும்மா நாளாயிற்று.

சில நாள் கழித்துக் கன்னியாகுமரிக் கோயில் வாசலுக்கும் அவர்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். உள்ளே போகாமல் திரும்பி நின்று எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியாக மாடசாமி வந்து சேர்ந்த பிறகே அம்மனைப் பார்க்கப் போனார்.

துக்கச் செய்தி கேட்ட அன்று பஸ்ஸை விட்டு இறங்கிப் பனவடலிசத்திரத்துத் தம்பி வீட்டை அடைந்தபோது ஒரு சிறு தகராறு நடந்துகொண்டிருந்தது. உறவில் மூத்த ஒருவர், நெற்றியில் என்ன இடுவது, என்ன நிறச் சேலை போர்த்துவது என்று கேட்டுக்கொண்டிருந்தார். புருஷன் இருக்கிறாரா இல்லையா என்று யாருக்குத் தெரியும் என்றார். கடைசி நாட்களில் துணைக்கு வந்து இருந்த வேலம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "யாருக்கும் தெரியாதுல்லா? தெரியாத வரைக்கும் இது இருக்கட்டும்" என்று சொல்லி, குங்குமத்தை எடுத்து அந்த நெற்றியில் வழக்கமான அளவில் பெரிதாக இட்டார். சிவப்புச் சேலைதான் போர்த்தினார்கள்.

பாடையைத் தூக்கியவர்கள் வழக்கம்போல வேகமெடுத்தார்கள். பெண்கள் தெருமுனை வரைதான் வருவார்கள். வேலம்மாள் பின்தங்கினார். முன்பக்கம் தோள் கொடுத்திருந்த மாடசாமி நின்றுவிட்டார். "மெதுவாலே. யாருக்கும் பஸ் போகலை. வேலம்மாளை முன்னால விடுங்க." விலகி வழி விட்டார்கள். வேலம்மாள் முன்னால் வந்தார். அவருடைய நடைக்கு அந்தப் பாடை தெருமுனை வரை போயிற்று. அவ்வளவு மெதுவாகப் போன இறுதி ஊர்வலத்தை நான் பார்த்ததில்லை. முனையில் வேலம்மாள் ஒதுங்கி நின்றார். பாடை தம்மைக் கடந்ததும், "இனி மதினி முன்னால போவா. நீங்க எல்லாரும் பின்னால போங்க" என்றார்.

ஆவுடையம்மாளுடையது என்று என்னிடம் ஒரு பொருளும் கிடையாது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்தான். நாலு பேரோடு எங்கே போனாலும் நான் கடைசி ஆளாக நடக்கிறேன். சுடுகாட்டுப் பாதையிலும் அப்படித்தான் நடந்தேன். ஓடைக்கரை திரும்பும் இடத்தில் ஒருமுறை நின்று, எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தேன். ஒருவரும் இல்லை. அதன் பிறகே நடந்தேன்.